கடலடியில் ஒரு மின்னிலையம்

நீலகிரியைக் காணச் செல்வோர் உதகையின் பூங்காவைக் கண்டு வியப்பர். குன்னூரின் தேயிலைச் சரிவுகளைக் கண்டு மகிழ்வர். ஆயினும், அம்மலையில் பெய்யும் மழைநீர் எங்கே செல்கின்றது, செல்லும் வழியில் என்ன தொழில் செய்கின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

மலையின் மேல்பாலுள்ள முக்கூர்த்திக் கொடுமுடியின் அருகே பைக்காரா என்னும் ஆறு பிறக்கின்றது. புல்வெளிகளுக்கும் சோலைகளுக்கும் இடையே அமைதியாக ஓடிவரும் அவ்வாற்றின் நீரைத் தேக்கி, மலையின் விளிம்பிலிருந்து இரும்புக் குழாய்களின் வழியே ஏறத்தாழ 3,000 அடி கீழே விழச் செய்கின்றனர். அங்ஙனம் விழும் நீர் சிங்காரா என்னும் இடத்தில் சக்கரங்களைச் சுழற்ற, மின்னாற்றல் பிறக்கின்றது. 1932ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கிய அம்மின்னிலையம் கோவை நகரின் ஆலைகள் பல்கிப் பெருகுவதற்குப் பெருந்துணை புரிந்தது.

சக்கரத்தைச் சுழற்றிய நீர் அங்கே ஓய்ந்து விடுவதில்லை. அது மோயாறு என்னும் பெயருடன் காட்டினூடே கிழக்கு நோக்கி ஓடிப் பவானியாற்றில் கலக்கின்றது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கின்றது. வயல்களுக்கு ஊட்டியது போக எஞ்சிய காவிரிநீர் பூம்புகாரில் கடலை அடைகின்றது. குறிஞ்சியில் பிறந்த நீர் முல்லையும் மருதமும் கடந்து நெய்தலில் தன் செலவை முடித்துக் கொள்கின்றது. பன்னெடுங்காலமாகக் காவிரி கொணர்ந்த வண்டலும் மணலும் அக்கரையை அடுத்த கடலடியில் படிந்து கிடக்கின்றன. அத்தகைய கடலடியில்தான், அணையும் குழாயும் சக்கரமும் இன்றித் தன் உடலிலேயே மின்னை ஆக்கும் மீன் ஒன்று பதுங்கி வாழ்கின்றது. அதன் பெயர் மின் திருக்கை.

குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த சிறுவன் ஒருவன் இம்மீனை அறிந்துகொண்ட வரலாறு கேட்கத்தக்கது. அவன் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் மின்பொறிகளைக் காப்பவர். சிறுவன் முன்பொரு மழைநாளில் ஈரக் கையோடு விளக்கின் விசையைத் தொட்டு, அதிர்ந்து வீழ்ந்தான். மகனை வாரி எடுத்த தந்தை, அவன் தேறிய பின், “மின்சாரத்துக்கு அஞ்ச வேண்டா, ஆனால் அதற்கு மதிப்புக் கொடு. வேண்டும்போது மட்டும் விசையைப் போடு; வேண்டாதபோது நிறுத்து” என்று கூறினார். அவ்வதிர்ச்சியையும் அச்சொல்லையும் சிறுவன் மறந்தானல்லன்.

தை மாதத்தில் ஒருநாள், அவன் பள்ளி மாணவர்கள் ஆசிரியருடன் பூம்புகாரைக் கண்டு, அதற்குத் தெற்கே கடற்கரையில் அமைந்த தரங்கம்பாடிக்கு வந்து தங்கினர். மறுநாள் விடியற்காலையில் மீனவர்கள் கரைவலை இழுத்துக் கொண்டிருந்தனர். இருபுறமும் வரிசையாக நின்று, ஒரே குரலில் ஓசையிட்டுக் கயிற்றை அவர்கள் இழுத்த காட்சி மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் புதுமையாக இருந்தது. வலை கரையேறியதும் மீன்கள் வெள்ளிபோல் துள்ளின. அவற்றினிடையே பழுப்பு நிறமும் கரும்புள்ளிகளும் உடைய மீன் ஒன்று துள்ளாமலும் துடிக்காமலும் கிடந்தது. அதன் முன்னுடல் வட்டத்தட்டுப் போலவும், பின்னுடல் தடித்த வால் போலவும் இருந்தன. சிறுவன் குனிந்து அதன் முதுகில் விரலை வைத்தான். உடனே “ஐயோ!” என்று கையை உதறினான். மணிக்கட்டு வரையில் அவன் கை மரத்துப் போயிற்று.

அருகில் நின்ற முதிய மீனவர் சிரித்தார். “தம்பி, கேட்டுவிட்டுத் தொடலாகாதா? அஞ்சாதே, சற்று நேரத்தில் சரியாகிவிடும்” என்றார்.

“தாத்தா! இது கடியன்று, முள்ளும் அன்று. இம்மீனுக்குள் மின்சாரம் இருக்கின்றது!” என்றான் சிறுவன்.

“ஆம், அப்படித்தான் சொல்லுகிறார்கள். என் பாட்டனார் காலத்தில் எங்களுக்கு மின்சாரம் என்னும் சொல்லே தெரியாது, கை மரக்கும் என்பது மட்டும் தெரியும்” என்று கூறிய முதியவர், அம்மீனின் வால்நுனியைப் பிடித்துத் தூக்கி, அலை விழும் இடத்துக்கு அப்பால் எறிந்தார். “இதை வாங்குவார் இல்லை, தின்பாரும் இல்லை. உயிரோடு வந்தால் உயிரோடு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம்” என்றார்.

சிறுவன் ஆசிரியரிடம் ஓடினான். “ஐயா, சிங்காராவில் மின்னை ஆக்குவதற்கு ஒரு மலையே வேண்டியிருக்கின்றது. இச்சிறுமீன் அதை எவ்வாறு ஆக்குகின்றது?” என்று வினவினான். ஆசிரியர் மாணவரை மணலில் அமர்த்தி, அம்மீனின் இயல்பை விளக்கலானார்.

திருக்கை இனத்து மீன்களுக்கு எலும்பு இல்லை, குருத்தெலும்பே உண்டு. ஏனைய திருக்கைகள் பக்கத் துடுப்புகளைச் சிறகுபோல் அசைத்து நீந்தும். மின் திருக்கையின் தட்டுப் போன்ற உடலிலோ மின்னுறுப்புகள் பெரும்பகுதியை அடைத்துக் கொண்டிருத்தலின், அது வாலையே அசைத்து மெல்ல நீந்துகின்றது. விரைந்தோடி இரையைத் துரத்தும் வலிமை அதற்கு இல்லை. ஆகவே, பகற்பொழுதில் மணலுக்குள் உடலைப் புதைத்துக் கொண்டு, கண்கள் மட்டும் வெளித் தோன்றக் கிடக்கும். வாயும் செவுள் பிளவுகளும் உடலின் அடிப்புறத்தில் இருக்கின்றன. மணலில் புதைந்த நிலையில் வாயால் நீரை உறிஞ்சினால் மணலும் உடன் புகும் அன்றோ? அதற்காகவே கண்களுக்குப் பின்னால், முதுகுப் புறத்தில் இரண்டு துளைகள் அமைந்துள்ளன. அவற்றின் வழியே தூய நீரை உள்ளே வாங்கி, அடியிலுள்ள ஐந்து இணைச் செவுள் பிளவுகளின் வழியே வெளிவிட்டு அது மூச்சு விடுகின்றது.

இனி, மின்னுறுப்பின் அமைப்பு வியக்கத்தக்கது. தலையின் இருமருங்கிலும் சிறுநீரக வடிவில் ஓர் இணை உறுப்புகள் உள்ளன. தோலை நீக்கிப் பார்த்தால் அவ்வுறுப்பு தேனடை போலத் தோன்றும். தேனடையின் அறைகளைப் போன்ற நூற்றுக்கணக்கான தூண்கள் முதுகிலிருந்து வயிறு வரையில் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு தூணிலும் மெல்லிய தட்டுகள், காசுகளை அடுக்கி வைத்தாற்போல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தட்டும் ஓர் உயிரணு. தசையாக வளரவேண்டிய உயிரணுவே சுருங்கும் தொழிலை விடுத்து, மின்னை ஆக்கும் தொழிலை மேற்கொண்டு தட்டாக மாறியுள்ளது.

ஒரு தட்டு தரும் மின்னழுத்தம் மிகச் சிறிது. ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கே. ஆயினும், பத்துத் தட்டுகள் அடுக்கானால் ஒரு வோல்ட். நூறு தட்டுகள் அடுக்கானால் பத்து வோல்ட். இவையெல்லாம் ஒரே நொடியில் தொழிற்பட்டாலன்றி அடி விழாது. அதற்கு மூளையில் தனிப் பகுதியொன்று இருக்கின்றது. அங்கிருந்து நரம்புகளின் வழியே ஆணை வந்ததும் தட்டுகள் யாவும் ஒருங்கே இயங்குகின்றன. தனித்தனியே நின்றால் ஓர் எறும்பையும் அசைக்க இயலாத ஆற்றல், ஒன்றுகூடியதும் வலிய பகையை விலக்கும் படைக்கலம் ஆகின்றது.

அமேசான் ஆற்றில் வாழும் மின் விலாங்கு 860 வோல்ட் வரையில் மின்னழுத்தம் தருவதை 2019ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். கடலில் வாழும் பெரிய மின் திருக்கையோ ஏறத்தாழ 200 வோல்ட்டே தருகின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அவை வாழும் நீரே. ஆற்றின் நன்னீர் மின்னை எளிதில் கடத்தாது; ஆகவே அங்கு உயர்ந்த அழுத்தம் வேண்டும். அதற்கேற்ப விலாங்கின் தட்டுகள் உடலின் நீளம் முழுவதும் நீண்ட வரிசையாக அமைந்துள்ளன. கடலின் உப்புநீர் மின்னை எளிதில் கடத்தும். அங்கு அழுத்தம் குறைவாயினும் மின்னோட்டம் மிகுதியாதல் வேண்டும். அதற்கேற்பத் திருக்கையின் தூண்கள் குட்டையாகவும், எண்ணிக்கையில் பலவாகவும் உள்ளன. வாழும் இடத்துக்கு ஏற்ற கருவியை இயற்கை அளந்து அமைத்திருக்கின்றது.

மின் திருக்கைகளுள் பல இனங்கள் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலில் வாழும் பேரினம் ஆறடி நீளத்துக்கும் வளரும். அது மீனின்மேல் பாய்ந்து, தட்டுப் போன்ற உடலால் அதனைப் போர்த்து, மின்னால் அடித்து வீழ்த்தி உண்ணும். சிறுவன் கண்டது சிற்றினம். ஒரு முழம் நீளம்கூட வளராதது. இவ்வகைச் சிற்றினங்களின் அடி மெல்லியது. அமெரிக்கக் கரையில் வாழும் அதன் உறவினம் ஒன்றில் 14 முதல் 37 வோல்ட் வரையில் அளந்துள்ளனர். அவ்வுறவினம் குழாய்போல் வாயை முன்னே நீட்டி, மணலுக்குள் இருக்கும் புழுக்களை உறிஞ்சி உண்கின்றது. இரை பிடிப்பதற்கு அது மின்னைச் செலவிடுவதில்லை. தன்னைக் காத்துக் கொள்வதற்கே செலவிடுகின்றது. தொடர்ந்து பன்முறை மின்னை வெளியிட்டால் மின் திருக்கையின் ஆற்றல் தளரும். மீண்டும் பெறுவதற்கு ஓய்வு வேண்டும். ஆகவே, அடித்தாலன்றித் தீராது என்னும் நிலை வரும்வரையில் அது அசையாது கிடக்கின்றது. ‘வேண்டும்போது மட்டும் விசையைப் போடு’ என்று தந்தை கூறிய சொல் அப்போது சிறுவனின் நினைவுக்கு வந்தது.

“இம்மீனுக்கும் இவ்வூருக்கும் ஒரு தொடர்பு உண்டு” என்று ஆசிரியர் மேலும் கூறினார். 1620ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டினர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். பின்னர் இங்கு வந்து தங்கிய சமயத் தொண்டர்களுள் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பவர் இக்கரையில் கிடைத்த மீன்களைச் சேர்த்து, பெர்லின் நகரில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்னும் மீனியல் அறிஞருக்கு அனுப்பி வந்தார். கத்தாளை இனத்து மீன்கள் சிலவற்றுக்கு ‘ஜானியஸ்’ என்னும் பெயர் அவர் நினைவாகவே அமைந்தது. பிளாக் 1799இல் மறைந்த பின், அவருடைய நூலை ஷ்னைடர் என்பவர் நிறைவுசெய்து 1801இல் வெளியிட்டார். அந்நூலில்தான் தரங்கம்பாடியில் கிடைத்த மின் திருக்கை ‘டிம்லை’ என்னும் பெயரோடு முதன்முதலில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ‘திமிலை’ என்னும் தமிழ்ச் சொல்லின் ஓசை அவ்விலத்தீன் பெயரில் கேட்கின்றது. அதன் பேரினப் பெயராகிய ‘நார்சினே’ என்பது மரப்பு என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

மேனாட்டார் இம்மீனைப் பண்டைக் காலத்திலேயே அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டு மருத்துவராகிய ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கும் கால்மூட்டு நோய்க்கும் உயிருள்ள மின் திருக்கையை வைத்து மரக்கச் செய்யும் முறையை எழுதி வைத்தார். மரப்புக்குக் காரணம் மின்னே என்பதை 1772இல் ஜான் வால்ஷ் என்னும் ஆங்கிலேயர் பிரான்சு நாட்டுக் கடற்கரையில் ஆய்ந்து காட்டினார். மறு ஆண்டில் ஜான் ஹண்டர் என்னும் மருத்துவர் அம்மீனை அறுத்துப் பார்த்து, ஓர் உறுப்பில் 470 தூண்களை எண்ணினார். 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா இருவகை உலோகத் தட்டுகளை உப்புநீரில் நனைத்த அட்டைகளோடு மாறிமாறி அடுக்கி முதல் மின்கல அடுக்கை அமைத்தபோது, அதனை மின் திருக்கையின் உறுப்போடு ஒப்பிட்டு, ‘செயற்கை மின்னுறுப்பு’ என்றே குறித்தார். இன்று கைவிளக்கிலும் கடிகாரத்திலும் இருக்கும் மின்கலத்தின் முன்னோர், மணலில் கிடக்கும் இம்மீனை ஒப்புமை கொண்டு பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

மருத்துவத்துக்கும் இது உதவியது. நரம்பின் ஆணையைத் தசை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் ஒருவகைப் புரதம் இருக்கின்றது. மனிதத் தசையில் அது மிகச் சிறிய அளவிலேயே உண்டு. மின் மீன்களின் உறுப்பிலோ மிகுதியாக உண்டு. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர்கள் மின் திருக்கையிலிருந்தும் மின் விலாங்கிலிருந்தும் அதனைப் பிரித்தெடுத்து ஆய்ந்தனர். இமைகள் சோர்ந்து, தசைகள் வலுவிழக்கும் நோயொன்றின் காரணம் அவ்வாய்வுகளால் தெளிவாயிற்று. ‘வாங்குவார் இல்லை’ என்று கடலில் எறியப்படும் மீன் நோயாளர் பலருக்கு மறைமுகமாக நன்மை செய்திருக்கின்றது.

அன்று மாலை மாணவர்கள் அக்கரையில் இருந்த மீன்பிடி துறைமுகம் ஒன்றுக்குச் சென்றனர். விசைப்படகுகள் இழுவலையை இறக்கிக் கடலடியைத் துடைத்து மீன் பிடித்து வந்திருந்தன. இறாலும் விலைபோகும் மீன்களும் கூடைகளில் ஏறின. எஞ்சியவை ஒருபுறம் குவிந்து கிடந்தன. நண்டுக் குஞ்சு, மீன் குஞ்சு, நட்சத்திர மீன், சிப்பி ஆகியவை எல்லாம் நசுங்கிக் கலந்து கிடந்த அக்குவியலைச் சங்காயம் என்பர். அது உலர்த்தப்பட்டுக் கோழித் தீவனத்துக்குச் செல்லும். அக்குவியலில் பழுப்பு நிறத் தட்டுகள் சில தெரிந்தன. சிறுவன் அருகில் சென்று பார்த்தான். காலையில் அவன் கண்ட அதே மீன்! மெல்ல விரலை நீட்டித் தொட்டான். கை மரக்கவில்லை.

அவன் நெடுநேரம் பேசாது நின்றான். பின்பு, “ஐயா, இதனிடம் மின்சாரம் இருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லையே!” என்றான்.

“தொடும் கையை அது விலக்கும், கடிக்கும் வாயை விலக்கும். வலைக்கு நரம்பு இல்லையே, அப்பா! மின்னடிபட்டுக் கைவிடுவதற்கு அதற்குக் கை ஏது?” என்றார் ஆசிரியர்.

அவர் கூற்று உண்மையே. விரைந்து ஓட இயலாமல் மணலில் அசையாது கிடப்பதே இம்மீனின் இயல்பு. பகைவர் பலரிடமிருந்து அதனைக் காத்த அவ்வியல்பே, கடலடியைத் துடைக்கும் இழுவலைக்கு அதனை இரையாக்கி விடுகின்றது. மேலும், பிற மீன்களைப் போல இஃது இலட்சக்கணக்கில் முட்டையிடுவதன்று. தாய் தன் வயிற்றிலேயே குஞ்சுகளை வளர்த்து, சிலவற்றையே ஈனுகின்றது. ஒரு தாய்மீன் வலையில் பட்டால் அதனோடு வருங்காலத் தலைமுறையும் அழிகின்றது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்னும் விதி உண்டு. கடலுக்கு ஓய்வு தரும் நல்ல விதி அது. ஆயினும், ஓய்வு முடிந்த பின்னர் இழுக்கும் வலையிலும் அளவு வேண்டும். வலையை இழுப்போரும் வயிற்றுப்பாட்டுக்கே இழுக்கின்றனர். அவர்களைப் பழித்துப் பயனில்லை. விலையில்லாதது எல்லாம் பயனில்லாதது என்னும் எண்ணமே திருந்த வேண்டுவது.

கரைவலை இழுத்த முதியவர் எழுத்தறியாதவர். வோல்ட்டாவையும் ஹண்டரையும் அவர் அறியார். இருப்பினும், உயிரோடு வந்ததை உயிரோடு அனுப்பும் அறம் அவர் பாட்டனார் காலத்திலிருந்து அவர் கையில் இருந்தது. நூலறிவு பெற்றோரும் அவரிடம் கற்றுக்கொள்வதற்கு அஃதொன்று உண்டு.

சிறுவன் குன்னூருக்குத் திரும்பினான். கண்டவற்றையெல்லாம் தந்தையிடம் கூறினான். அவர் வியப்போடு கேட்டு, “அப்படியானால், எனக்கு முன்பே அந்த மீன் இத்தொழிலைக் கற்றிருக்கின்றது” என்று நகைத்தார்.

அவ்வாண்டு விடுமுறையில் அவர் மகனைப் பைக்காராவுக்கு அழைத்துச் சென்றார். மழை பெய்து ஆறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. சிறுவன் கரையில் நின்று நீரைப் பார்த்துக் கொண்டே இருந்தான். அந்நீர் சிங்காராவில் சக்கரங்களைச் சுழற்றும், ஊர்களுக்கு விளக்கேற்றும், வயல்களுக்குப் பாயும், எஞ்சியது கடலைச் சேரும். அங்கே மணலுக்குள் கண்களை மட்டும் வெளிக்காட்டிக்கொண்டு, தனக்குரிய சிறிய ஆற்றலை வீணாக்காமல் காத்துக்கொண்டு ஓர் உயிர் கிடக்கும். தின்ற தின்பண்டத்தின் தாளை ஆற்றில் எறியப்போன சிறுவன், கையை மடக்கி அதனைத் தன் சட்டைப் பையிலே போட்டுக் கொண்டான். தந்தை அதைக் கண்டார்; ஒன்றும் கூறவில்லை; மகனின் தோளில் கையை வைத்து நடந்தார்.